நன்றியுரையின் வினைச்சொற்கள்

முனைவர் பட்ட ஆய்வேட்டில் யாரும் மதிப்பிடாத பக்கம் ஒன்று உண்டு. முகப்புத் தாள், நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி இவற்றை ஒட்டி, முன்னுரைக்கு முன்னால் வரும் நன்றியுரை. புறத்தேர்வாளர் அதைப் புரட்டிவிட்டு நேரே முதல் இயலுக்குப் போய்விடுவார். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் கருத்துத் திருட்டுச் சோதனையிலிருந்தே நன்றியுரைக்கு விலக்கு அளித்திருக்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதலாம், குற்றமில்லை. எழுதிக்கொண்டும் இருக்கிறோம்.

ஆனால் ஆய்வேட்டில் ஆய்வாளர் ஓர் ஆளாகப் பேசக்கூடிய ஒரே இடமும் அதுதான். உள்ளே போனால் 'நான்' கிடையாது. 'ஆய்வாளர் கருதுகிறார்', 'இவ்வியலின்வழி அறியமுடிகிறது' என்றுதான் எழுத வேண்டும். முந்நூறு பக்கம் படர்க்கையில் எழுதும் ஒரு பெண், ஒன்றரைப் பக்கம் மட்டும் தன்மையில் எழுதுகிறாள். அந்த ஒன்றரைப் பக்கத்தில் அவள் என்ன சொல்கிறாள், எந்த வினைச்சொல்லால் சொல்கிறாள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. துறை நூலகத்தில் எந்த ஆய்வேட்டை எடுத்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறேன்.

தமிழுக்கு நன்றி சொல்லும் மரபு புதிதல்ல. நன்னூலின் சிறப்புப் பாயிரம், நூல் செய்யச் சொன்ன சீயகங்கனைப் பதிவு செய்கிறது. கம்பர் தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலைத் தம் காவியத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். பொருள் கொடுத்தவர், சோறு போட்டவர் பெயரை எழுதி வைப்பது நம் பண்பு. அந்தச் சோற்றை ஆக்கியவர் யார் என்று பாயிரத்தில் எழுதும் வழக்கம்தான் வரவில்லை.

இன்றைய நன்றியுரைக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கடவுள், அல்லது தமிழன்னை. பிறகு நெறியாளர், துறைத்தலைவர், கல்லூரி முதல்வர், நிருவாகம். பிறகு பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், நண்பர்கள். கடைசியில் அழகுற ஒளியச்சு செய்து கொடுத்த கணினி மையத்தார். அந்தக் கணினி மையத்தில் உட்கார்ந்து பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றி, நம் ஒற்றுப்பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தித் தரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. கடையின் பெயர் இருக்கும்.

ஓர் அலமாரி அளவுக்குத் தொடர்ந்து படித்தபோது ஒன்று புலப்பட்டது. ஆண் ஆய்வாளர்களின் நன்றியுரையில் மனைவி வேலை செய்கிறார். குறிப்புகளைப் படியெடுக்கிறார், மெய்ப்புப் பார்க்கிறார், துணைநூற்பட்டியலை அகரவரிசைப்படுத்துகிறார், நள்ளிரவில் தேநீர் வைக்கிறார். பெண் ஆய்வாளர்களின் நன்றியுரையில் கணவரின் வினைகள் வேறு மாதிரி: அனுமதித்த, பொறுத்துக்கொண்ட, விட்டுக்கொடுத்த, தடைசொல்லாத. கடைசியில் உள்ளதை வகுப்பில் எதிர்மறைப் பெயரெச்சம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். அவர் நன்றி சொல்வது நடந்த ஒரு செயலுக்கு. இவள் நன்றி சொல்வது நடக்காமல் போன ஒரு செயலுக்கு.

இது தமிழ்த்துறைக்கு மட்டும் உரியதல்ல. 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் ஹோல்சிங்கர், பழைய கல்விப்புல நூல்களின் நன்றியுரைகளை 'தட்டச்சு செய்ததற்கு நன்றி' என்ற பொருள்படும் குறிச்சொல்லோடு ட்விட்டரில் பகிரத் தொடங்கினார். கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்தவர், திருத்தியவர், சில சமயம் ஆய்வுக்கே உதவியவர் எல்லாம் 'என் மனைவி' என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்தார்கள். பெயர்கூட இல்லை. உலகமெங்கும் இருந்து வாசகர்கள் தங்கள் நூலகங்களில் கண்ட பக்கங்களைச் சேர்த்தார்கள். படித்தபோது எனக்கு எங்கள் அலமாரிதான் நினைவுக்கு வந்தது.

என் சொந்த நன்றியுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000களின் பிற்பகுதி. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் வேலை, பகுதிநேர ஆய்வு, கையில் எட்டு மாதக் குழந்தை. சனி, ஞாயிறுகளில் எதிர்வீட்டு அக்காதான் என் மகளைப் பார்த்துக்கொண்டார். நன்றியுரையில் அவர் பெயரை எழுதி, 'இரண்டு ஆண்டுகள், சனி ஞாயிறுகளில் காலை 9 முதல் மாலை 4 மணி வரை என் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்' என்றும் எழுதினேன். படியைப் பார்த்த மூத்த பேராசிரியர் ஒருவர், "நேரமெல்லாம் எதுக்கும்மா? 'அன்போடு பேணிய'ன்னு போடுங்க, படிக்க நல்லா இருக்கும்" என்றார். நான் நேரத்தை எடுக்கவில்லை. உரையாசிரியர்களை ஒப்பிட்டு நான் எழுதிய நான்காம் இயல் அந்த ஏழு மணி நேரங்களுக்குள் எழுதியது. அன்பு எனக்குத் தேவைப்பட்டதுதான். ஆனால் இயலை முடித்தது நேரம்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அக்கா. கட்டமைத்த ஆய்வேட்டைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தார். "மணிக்கணக்கெல்லாம் வச்சிருந்தியா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "நானும் வச்சிருந்தேன். சொல்லிக்கிடல" என்றார். நன்றியுரை எதற்கு என்று எனக்கு விளங்கியது அன்றுதான். கணக்கு எப்போதும் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒருவர் எழுதினால்தான் மற்றவர் வாய் திறக்க முடிகிறது.

அப்போது ஆய்வு செய்யும் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் என்ன செய்வது என்று எனக்குக் காட்ட யாரிடமும் ஒரு விதி இல்லை. அலுவலகத்தில் கேட்டால், "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் வாங்க" என்பார்கள். 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு விதியாகவே எழுதியது. பெண் ஆய்வாளருக்கு முனைவர் பட்ட உச்ச காலவரம்பில் இரண்டு ஆண்டுத் தளர்வு உண்டு. ஆய்வுக்காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால், சில நிபந்தனைகளோடு ஆய்வுத் தரவுகளை வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லலாம். 2022இல் வந்த புதிய விதிகளிலும் அந்த 240 நாள் தொடர்கிறது.

விதி வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் நன்றியுரையின் வினைச்சொல் மாறவில்லை. அண்மையில் ஓர் ஆய்வாளர் தன் நன்றியுரைப் படியைக் கொண்டுவந்தாள். நான் அவளுடைய நெறியாளர் அல்ல, ஆலோசனைக் குழுவில் ஒருத்தி. தாலாட்டுப் பாடல்களில் ஆய்வு. ஊர் ஊராகப் போய்க் கிழவிகளிடம் பாட்டுச் சேகரித்தவள். 'எனக்கு மகப்பேறு விடுப்பு வழங்கிப் பெருங்கருணை புரிந்த' என்று தொடங்கி அலுவலர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"எத்தனை நாள் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"தொண்ணூறு நாள்மா."

"விதியில எத்தனை?"

"தெரியும்மா, இருநூத்தி நாப்பது. கேட்டுப் பார்த்தேன். 'கல்யாணமான பொண்ணுங்களைச் சேர்த்தா இதான் தொல்லை'ன்னாங்க. அதுக்கப்புறம் கேக்கல."

"அப்ப இந்தக் 'கருணை' எதுக்கு?"

"இன்னும் மூணு கையெழுத்து வாங்கணும்மா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நிலுவையின்மைச் சான்று முதல் ஆய்வேட்டை ஒப்படைப்பது வரை எத்தனை மேசைகள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் நன்றியுரையில் ஓர் இடம். அந்தப் பக்கம் நன்றி என்பதைவிடச் சுங்கமாகத்தான் பலருக்கு இருக்கிறது.

காகிதத்தின் ஓரத்தில் இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். 'மகப்பேற்றுக்காக 90 நாள் விடுப்பு எடுத்தேன். விதிப்படி 240 நாள் உண்டு.' போடுவதும் விடுவதும் உன் விருப்பம் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். கருணையை எடுத்திருந்தாள். முதல் வாக்கியத்தை, விடுப்பு தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் சேர்த்துப் போட்டிருந்தாள். இரண்டாவது இல்லை. "அதைப் படிக்கிறவங்க போட்டுக்குவாங்கம்மா" என்றாள். தாலாட்டில் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஐந்து ஆண்டுகளாகக் கேட்டவள். எதைச் சொன்னால் எது கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எழுதாமல் விடுவதும் ஒரு எழுத்துதான். ஒரு பத்தி வர வேண்டிய இடத்தில் ஒரே வரியாக நிற்கும் நன்றி, வரிசையில் எல்லாரும் இருக்க ஒருவர் மட்டும் இல்லாத பக்கம், இவற்றைப் பெண்கள் வேறு விதமாகப் படிக்கிறோம். 1997இல் விசாகா தீர்ப்பு, 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம், 2015இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே மானியக் குழு கொண்டுவந்த விதிகள். மாணவர் தொடர்பான புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்பது வரை எழுதப்பட்டிருக்கிறது. குழு உறுப்பினர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் ஒரு பட்டம் முழுவதும் ஒரே ஒருவரின் கையெழுத்தைச் சார்ந்திருக்கும்போது, அந்தப் பலகைக்கும் ஆய்வாளரின் மேசைக்கும் நடுவே தூரம் அதிகம். அந்தத் தூரத்தில் நடந்தது சில சமயம் நன்றியுரையில் விடுபட்ட ஒரு பெயராக மட்டுமே மிஞ்சுகிறது.

நன்றியுரையே எழுதாமல் போனவர்களும் இருக்கிறார்கள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த பெண்கள் 2014-15இல் சுமார் 48 ஆயிரம் பேர், 2021-22இல் சுமார் 99 ஆயிரம் பேர். இரண்டு மடங்கு. மகிழ்ச்சிதான். ஆனால் இது பதிவுக் கணக்கு. கட்டமைக்கப்பட்டு அலமாரிக்கு வந்து சேராத ஆய்வேடுகள் எத்தனை என்பதை எந்த அலமாரியும் சொல்லாது. என்னோடு ஒரே நாளில் பதிவு செய்த தோழி, கணவருக்கு மாற்றல் வந்தபோது மூன்று இயல்களோடு நிறுத்திக்கொண்டாள். தரவுகளை எடுத்துச் செல்லலாம் என்னும் விதி வருவதற்குச் சில ஆண்டுகள் முந்தி. அவளுடைய குறிப்பேடுகள் இன்றும் பரணில் இருக்கின்றன. அவள் யாருக்கு நன்றி சொல்லியிருப்பாள், என்ன வினைச்சொல்லைப் போட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவியரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கடைசி நாளில், ஒளியச்சுக் கடையில் நின்றுகொண்டு, முந்தைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். உங்களுக்காக வேலை செய்தவர் யார் என்று முதலில் பட்டியல் போடுங்கள். அவர் பெயரை எழுதுங்கள், செய்த வேலையை எழுதுங்கள். முடிந்தால் நேரத்தை எழுதுங்கள். விடுதியில் உங்கள் சாப்பாட்டை மூடி வைத்தவர், நூலகத்தில் கட்டுக்கட்டாக நூல் எடுத்துத் தந்த உதவியாளர், உங்கள் ஒற்றுப்பிழையைத் திருத்திய ஒளியச்சுப் பெண் எல்லாரும் அந்தப் பட்டியலில் வரட்டும். கணவர் சமைத்திருந்தால் 'சமைத்தார்' என்று எழுதுங்கள். அனுமதித்ததற்கு நன்றி எழுத வேண்டாம். படிப்பது அனுமதி கேட்டுச் செய்யும் காரியமல்ல.

உங்களுக்கு விதி தந்ததை யாரோ ஒருவரின் கருணையாக எழுதாதீர்கள். எழுதினால் அடுத்து வருகிறவள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, அதைக் கருணை என்றே நினைத்துப் பணிவோடு கேட்கப் போவாள். கிடைக்காவிட்டால் தன் பணிவு போதவில்லை என்று எண்ணிக்கொள்வாள். 240 நாள் என்று எழுதுங்கள். 90 நாள்தான் கிடைத்தது என்றால் 90 என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தால் தேதியை மட்டும் போடுங்கள். கழித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருக்கிறோம்.