காந்தத்தில் ஒட்டாது... ஆனால் காந்தத்தால் ஓடும்! கொல்லிமலைக் கல்லின் கதை

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஆகிய மூன்றுக்காகத்தான் போகிறார்கள். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வந்ததும் வளைவுகள் தொடங்கிவிடும். மேலே சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி, பலாப்பழமும் மிளகும் விலை கேட்டுவிட்டு, செம்மேட்டுக்குப் போவது வழக்கம்.

செம்மேடு என்ற பெயரிலேயே சிவப்பு இருக்கிறது. கொல்லிமலையின் உச்சிகளில் பாக்சைட் என்ற கனிமம் உண்டு. பல லட்சம் ஆண்டுகளாகப் பெய்த மழை, பாறையில் கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கரையாமல் தங்கியவை அலுமினியமும் இரும்பும். சிவப்பு நிறம் இரும்பு தந்தது; அலுமினியம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறது.

மேட்டூருக்குப் போன கல்

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்குப் போனது. ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 4 டன் பாக்சைட் வேண்டும். மின்சாரமோ சுமார் 14,000 யூனிட்! 2008-ம் ஆண்டின் இறுதியில் அந்த உருக்காலை நின்றுபோனது.

இந்த உலோகத்துக்கு ஒரு விநோத குணம் உண்டு. வீட்டில் இருக்கும் அலுமினியப் பாத்திரத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. ஆனால் அதே அலுமினியத்தை, கையால் தொடாமல் காந்தவிசையால் ஓடவைக்க முடியும். இதை நம் வீட்டுச் சுவரிலேயே பார்த்திருக்கிறோம்.

சுவரில் சுழன்ற தட்டு

பழைய கரன்ட் மீட்டர் ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய தட்டு ஒன்று மெதுவாகச் சுழலும். கிரைண்டர் போட்டால் வேகம் கூடும். அந்தத் தட்டு அலுமினியம். அதைச் சுற்றிவிட பல்சக்கரமோ பெல்ட்டோ கிடையாது. மேலும் கீழும் இருக்கும் மின்சுருள்கள்தான் அதைச் சுழற்றுகின்றன.

சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடும்போது, காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் தகட்டுக்குள் சின்னச் சின்ன மின்னோட்டங்களைச் சுழலவைக்கும். இவற்றுக்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். இவையும் காந்தம்போல் செயல்படும். இரண்டு காந்தப்புலங்களும் மோதும்போது தகடு தள்ளப்படுகிறது.

இனி, வட்டத்தட்டுக்குப் பதில் நீளமான தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் வரிசையாகச் சுருள்கள். ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் மின்சாரம் உச்சத்துக்குப் போகிறது. கொல்லிமலைச் சாமை வயலில் காற்று அடிக்கும்போது, பயிர் நின்ற இடத்திலேயே நிற்க, அலை மட்டும் ஓடுமே... அதுபோல் சுருள்கள் அசையாமல் இருக்க, காந்தப்புலம் மட்டும் ஓடுகிறது. தகடு அதன் பின்னாலேயே நகர்கிறது. இதுதான் நேர்கோட்டு மோட்டார்.

தொடாமல் ஊட்டும் வித்தை

தொழிற்சாலையில் இதற்கு என்ன வேலை? மூடி, டப்பா, மின்கருவிப் பாகங்கள் என எதைச் செய்தாலும், பிரஸ் ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும் தகடு சரியான அளவு முன்னேற வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டு உருளைகளுக்கு நடுவே பிடித்துத்தான் தள்ளுகிறார்கள். அழுத்தம் கூடினால் தகட்டில் தடம் விழும், குறைந்தால் வழுக்கும். மிக மெல்லிய தகடு என்றால், பின்னால் இருந்து தள்ளும்போதே மடிந்துவிடும். மின்காந்தத்தால் தள்ளினால் உருளை தொடத் தேவையில்லை, கீறலும் விழாது.

சிக்கலும் உண்டு. தகடு மெலிய மெலிய, அதற்குள் ஓடும் மின்னோட்டமும் குறைகிறது. தள்ளும் விசையும் குறைகிறது. அதை ஈடுகட்ட, மின்சாரம் மாறும் வேகத்தைக் கூட்ட வேண்டும். தகடு சூடாவதையும் கவனிக்க வேண்டும்.

இரும்புத் தகடு என்றால் காந்தம் நேரடியாகவே உதவும். அடுக்கின் ஓரத்தில் காந்தம் வைத்தால், எல்லாத் தகடுகளும் ஒரேமாதிரி காந்தமாகி, ஒன்றையொன்று விலக்கி விசிறிபோல் விரியும். ஒவ்வொன்றாக எடுப்பது சுலபம்.

மலைக்கு மிச்சமாகும் கல்

இதே விசைக்கு இன்னொரு பெரிய வேலையும் இருக்கிறது. குப்பை பிரிக்கும் நிலையங்களில், பெல்ட்டின் முனையில் வேகமாகச் சுழலும் காந்த உருளை, குளிர்பான கேன்களைத் தனியாகத் துள்ளி விழவைக்கிறது. பிளாஸ்டிக்கும் காகிதமும் நேராக விழ, அலுமினியம் மட்டும் தள்ளிப்போய் விழும். அப்படிக் கிடைத்ததை மறுபடி உருக்க, புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவிகிதம் போதும். பாக்சைட் தேவையே இல்லை.

ஆனால், கேன் குப்பை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். அருவிக்கரைப் புதரில் வீசியதை எந்தக் காந்தமும் எடுத்துத் தராது. அடுத்தமுறை கொல்லிமலை போகிறவர்கள், குடித்த கேனையும் சாப்பாடு கட்டிய ஃபாயிலையும் ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டு வந்து, பழைய இரும்புக் கடையிலோ தரம்பிரித்து வாங்கும் இடத்திலோ கொடுக்கலாம். ஒரு கிலோ அலுமினியம் திரும்பி வந்தால், ஏதோ ஒரு மலையில் சுமார் 4 கிலோ கல் வெட்டப்படாமல் இருக்கும்.