எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

குரோமோசோம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பெற்றோரிடம் நான் எடுத்ததும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு தாளில் கோடு கிழித்து, எங்கிருந்து எதுவரை இல்லை என்று காட்டுவேன்.

18ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் நுனி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 40,000 பிறப்புக்கு ஒருவர். 1964இல் பிரான்சின் மரபியலாளர் ழான் து குரூஷி இதை விவரித்தார். அன்றைய நுண்ணோக்கியில் இந்தக் குழந்தைகளைப் பிரித்துப் பார்க்க வழி குறைவு. இன்று மைக்ரோஅரே என்ற மரபணுச் சோதனை அறுந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. டிசிஎஃப்4 என்ற மரபணுவும் சேர்ந்து போயிருந்தால் பேச்சு, நடை எல்லாம் கடுமையாகப் பாதிக்கப்படும். அதற்கு அப்பால் அறுந்திருந்தால் பேசிப் பழகி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இதைப் பாராமல் பழைய ஆய்வேட்டை விரித்து, "இந்தக் குழந்தை எதுவும் கற்காது" என்று தீர்ப்புச் சொல்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இந்தத் தெளிவு வந்ததில் பெரும்பங்கு ஒரு தாய்க்கு உண்டு. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் வாழும் ஜனீன் கோடி, தம் மகளுக்கு இந்தக் குறைபாடு என்று அறிந்தபின், 1990இல் இத்தகைய குடும்பங்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். பிறகு தாமே மனித மரபியல் படித்து முனைவரானார். அவர் குழு குழந்தைகளை நேரில் வரவழைத்து அளந்து பார்த்தபோது, பலருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருந்தது. குள்ளமாக இருப்பது இந்தக் குறைபாட்டின் இயல்பு என்று விட்டுவிடாமல் ஊசி போட்டுச் சரிசெய்ய வழி பிறந்தது. காதுக்குழாய் குறுகியோ அடைத்தோ இருப்பதும் இவர்களிடம் அடிக்கடி உண்டு. காது கேளாத பிள்ளையை மந்தம் என்று ஒதுக்குவது எத்தனை பெரிய அநியாயம்! அதனால் காது, தைராய்டு, இதயம், வளர்ச்சி என்று பார்க்கவேண்டியவற்றை எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

நம் வீடுகளில் இன்னொரு பாரமும் உண்டு. கிரகணத்தன்று வெளியே வந்தாளா, பப்பாளி தின்றாளா என்று தாயைக் குடைவார்கள். மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்தே சொல்கிறேன்: பெரும்பாலும் இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தானாக நேர்வது, யாரும் செய்ததல்ல. சில வீடுகளில் மட்டும் பெற்றோர் ஒருவரிடம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அடுத்த பிள்ளைக்குமுன் இருவருக்கும் பரிசோதனை கேட்பது அதற்காகத்தான்.

இந்தக் குறைபாடு பற்றிய என் ஆய்வில் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்முன், பெற்றோருக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கிறேன். இதனால் உங்கள் பிள்ளைக்கு உடனே பலன் இல்லாமலும் போகலாம் என்ற வரியை நிறுத்திச் சொல்வேன். அதன்பிறகும் கையெழுத்துப் போடுவார்கள். தூக்கம், மலச்சிக்கல், திடீர்ப் பயம் என்று அம்மாக்கள் நோட்டில் எழுதிவருவதெல்லாம் என் கோப்பில் ஏறும். வேறொரு வீட்டிலும் அதையே கேட்டால் அது ஆய்வுக் கேள்வியாகிறது.

"இதே மாதிரி இன்னொரு பிள்ளை எங்கேயாவது இருக்கா, டாக்டரம்மா?" என்று பலரும் கேட்பார்கள். இருந்தால், அந்தக் குடும்பமும் சம்மதித்தபிறகு, இருவரையும் போனில் பேசவைப்பேன்.