செந்நாயின் தடத்தில்

மேற்குத் தில்லியில் உள்ள ஜனக்புரி, அடுக்கு வீடுகளும் கடைவீதிகளும் நிறைந்த பகுதி. அங்கே மெட்ரோ இரயில் பாதைக்கு மேலே கரும்பருந்துகள் நாள்தோறும் வட்டமிடுகின்றன. வேப்பமரங்களில் பச்சைக்கிளிகள் ஆரவாரிக்கின்றன. பூங்காக்களில் அணில்கள் ஓடித் திரிகின்றன. இவற்றை மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து ஏட்டில் குறித்துவைக்கும் மாணவி ஒருத்தி அங்கு வாழ்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்தவள், விலங்கியல் படிக்க விரும்புவதாகத் தந்தையிடம் கூறினாள்.

“உயிரியல் எடுத்தால் மருத்துவராகலாம். விலங்கியல் படித்து என்னம்மா செய்வாய்?” என்று தந்தை வினவினார். ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டில் வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒருவரின் கவலை அவ்வினாவில் இருந்தது. மகளுக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை.

அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். இவர் 1945ஆம் ஆண்டு நாங்குநேரியில் பிறந்தவர். ஜிம் கார்பெட்டின் நூல்கள் இளமையிலேயே இவரைக் காட்டின்பால் ஈர்த்தன. விலங்கியல் பயின்று, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விரிவுரையாளரானார். நிலையான பணி கிடைத்தபோதும் அவர் மனம் காட்டையே நாடியது.

அவர் ஆராயத் தேர்ந்தெடுத்த விலங்கு செந்நாய். புலிக்கும் யானைக்கும் உள்ள பெருமை அதற்கு இல்லை. கொடிய விலங்கு என்று அதனை மக்கள் வெறுத்தனர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அதனைக் கொல்வோர்க்குப் பரிசுப் பணமும் வழங்கப்பட்டது. அத்தகைய விலங்கை 1976 முதல் 1978 வரை கருநாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் ஜான்சிங் பின்தொடர்ந்தார். காட்டில் கட்டின்றி வாழும் பாலூட்டி ஒன்றை இந்திய அறிவியலாளர் ஒருவர் களத்தில் தங்கி விரிவாக ஆராய்ந்த முதல் முயற்சியாக அது போற்றப்படுகிறது.

அம்முயற்சிக்கு முதன்மையாகத் தேவைப்பட்டவை கூர்மையான கண்ணும் செவியும், சலியாத கால்களும், குறிப்பேடுமே ஆகும். மான்களின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு, செந்நாய்க் கூட்டம் செல்லும் திசையை அறிதல் வேண்டும். அவை உண்டு எஞ்சிய உடல்களைத் தேடிக் காணுதல் வேண்டும். எச்சத்தைச் சேகரித்து, அதிலுள்ள மயிரைக் கொண்டு இரை இன்னதெனத் துணிதல் வேண்டும். இவ்வாறு ஆராய்ந்தபோது, அங்கே செந்நாயின் முதன்மை இரை புள்ளிமானே என்பது புலனாயிற்று. வேட்டை முடிந்தபின், உண்ட இறைச்சியைக் கக்கித் தம் குட்டிகளுக்கு ஊட்டும் இயல்பும் இவ்விலங்குக்கு உண்டு. கொடியது என்று இகழப்பட்ட விலங்கு, குடும்பமாக வாழ்ந்து குட்டிகளைப் பேணும் விலங்காக அறியப்பட்டது.

பின்னர் ஜான்சிங் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மேலும் பயிற்சி பெற்றார். 1985இல், டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்தார். 2005இல் ஓய்வுபெறும்வரை இளம் ஆய்வாளர்களுக்கும் வன அலுவலர்களுக்கும் காட்டிலே நடந்து கற்பித்தார். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார். அவரிடம் பயின்றோர் நாடெங்கும் காடுகளைக் காத்துவருகின்றனர்.

எல்லாரும் காட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. விலங்கியலில் முதுகலை முடித்துத் தேசியத் தகுதித் தேர்வில் வென்றோர் கல்லூரி ஆசிரியராகலாம். கல்வியியல் பட்டமும் பெற்றோர் பள்ளி ஆசிரியராகலாம். இந்திய வனப்பணித் தேர்வில் விலங்கியலை விருப்பப்பாடமாகக் கொள்ளலாம். 1916இல் நிறுவப்பட்டுக் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்திய விலங்கியல் ஆய்வகம், நாட்டின் உயிரினங்களைக் கண்டறிந்து வகைப்படுத்துகிறது. மீன்வளம், பட்டுப்புழு வளர்ப்பு ஆகிய துறைகளிலும் இக்கல்விக்கு இடமுண்டு. ஜனக்புரிக்கு அருகில் துவாரகையில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. கொசுவின் வாழ்க்கையை அறிந்தவரே கொசுவால் பரவும் நோயைத் தடுக்க வழி காண முடியும்.

இவ்வழி எளிதன்று என்பதையும் மறைத்தல் கூடாது. ஆய்வுப் பட்டம் பெறப் பல ஆண்டுகள் ஆகும். ஆய்வுத் திட்டங்களில் கிடைக்கும் பணி பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே உரியது. அட்டை கடிக்கும், மழை நனைக்கும், நாள் முழுதும் காத்திருந்தும் விலங்கு தென்படாமல் போகும். ஆகவே, மருத்துவக் கல்வி கிட்டாதபோது ஒதுங்கும் நிழலாக இதனைக் கொள்வோர் விரைவில் சோர்வர். விரும்பித் தேர்ந்தோரே நிலைப்பர்.

தந்தையும் மகளும் இவ்வரலாற்றைச் சேர்ந்து படித்தனர். தில்லிப் பருந்துகளைப் பற்றிய செய்தி ஒன்றையும் மகள் தேடிக் கண்டாள். குளிர்காலத்தில் தில்லிக்கு வரும் கரும்பருந்துகளுள் ஒரு பிரிவு நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வருவதை, அவற்றின் மீது செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் அறிந்துள்ளனர். “நம் மாடிக்கு மேலே பறப்பவையா?” என்று தந்தை வியந்தார். “அவற்றுள் சில அவ்வாறு வந்தவையாக இருக்கலாம், அப்பா. பார்த்துத்தான் சொல்ல வேண்டும்” என்றாள் மகள்.

தந்தையின் கவலை முற்றும் நீங்கியதென்று கூற இயலாது. ஆயினும் பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர அவர் இசைந்தார். பின்னர் எதனைத் தேர்வது என்பதை அவளிடமே விட்டார். பிறர் கண்டும் காணாமல் செல்லும் ஓர் உயிரை நின்று நோக்குவதில் தொடங்குவது விலங்கியல். அதற்குப் பந்திப்பூர்க் காடும் இடம். ஜனக்புரி மாடியும் இடம்.