மயில் காசும் 1214-ம்

என் கட்சிக்காரர் பழைய பர்மா காசுகளைச் சேர்ப்பவர். மின்டோன் மன்னர் காலத்து வெள்ளி மயில் காசு ஒன்றை 'பேட்டர்ன்' என்று பில்லிலேயே எழுதி அவருக்கு விற்றிருந்தார் ஒரு வியாபாரி. புழக்கத்துக்கு விடும் முன் வடிவமைப்பைச் சரிபார்க்க அடிக்கும் மாதிரிக் காசைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதற்கு விலை பல மடங்கு. சந்தேகம் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கைவிரித்துவிட்டார். பிராது போட்டோம்.

எதிர்த்தரப்பு சாமர்த்தியமாகத்தான் வாதாடியது. காசில் பர்மிய எண்ணில் 1214 என்று இருக்கிறது, பர்மிய ஆண்டுக் கணக்கில் அது 1852. மண்டலேயில் இயந்திர நாணயச்சாலை வந்ததோ 1865-இல். ஆலைக்கு முந்தைய தேதி போட்ட காசு மாதிரியாகத்தானே இருக்க வேண்டும்? ஜட்ஜே தலையசைத்தார்.

வியாபாரி கூண்டேறியதும் காசை விட்டுவிட்டு ராஜாவைப் பற்றிக் கேட்டேன். மின்டோன் பட்டத்துக்கு வந்தது எப்போது? "1853 பிப்ரவரி." பர்மியப் புத்தாண்டு? "ஏப்ரல்." அப்படியானால் அந்தப் பிப்ரவரி எந்தப் பர்மிய ஆண்டு? விரல் விட்டு எண்ணியவர் 1214 என்று முனகினார். அது பட்டமேறிய ஆண்டு, காசு அடித்த ஆண்டல்ல. போதவ்பயா மன்னருக்காகக் கல்கத்தாவில் அடித்த இரட்டை மீன் காசிலும் அப்படித்தான்: அவர் அரியணை ஏறிய 1143.

வியாபாரியின் வக்கீல் விடவில்லை. மின்டோனின் செப்புக் காசில் பட்டமேறிய ஆண்டு இல்லாமல் 1227 என்று இருக்கிறதே என்றார். நல்ல கேள்விதான். ஆனால் வெள்ளி மயில் காசில் வழக்கமாக இருப்பதே 1214 என்பதைக் கேட்டலாக்கைக் காட்டி அவர் கட்சிக்காரரையே ஒப்புக்கொள்ள வைத்தேன். சான்றாவணமாகக் குறியிட்ட காசை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ரூபாய்க் காசின் எடை. மயிலின் மார்பில் இறகுக் கோடுகள் தேய்ந்து வழவழத்திருந்தன. சந்தைக் காசிலிருந்து இதற்கு அச்சிலோ உலோகத்திலோ ஒரே ஒரு வித்தியாசம் காட்டுங்கள் என்றேன். தேய்மானம் மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் அவரால் வேறொன்றும் காட்ட முடியவில்லை.

சரக்கு விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது: வர்ணித்து விற்றால், சரக்கு அந்த வர்ணனைக்குப் பொருந்தியாக வேண்டும். வட்டியோடு பணம் திரும்பியது.

காசைத் திருப்பித் தர வேண்டுமே என்றதும் என் கட்சிக்காரர் முகம் வாடிவிட்டது. "சாதா மயில் காசு விலைக்கு அவரே கொடுப்பாரான்னு கேளுங்களேன் சார்" என்றார். நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.