திப்புவின் உத்தரம்

ஊட்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடித்த வீட்டு உத்தரத்தைத் தன் வீட்டில் ஏற்றினால் ஆகாது என்று உன்னிடம் மரம் வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டாராமே! அவரை இங்கே கூட்டி வா. புனித ஸ்டீபன் கோயிலுக்குள் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வோம்.

அந்தக் கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்தவை. 1799-ல் திப்பு வீழ்ந்தார். அவர் அரண்மனையைப் பிரித்தெடுத்த மரம்தான் மலையேறியது. யானைகள் இழுத்து வந்ததாகச் சொல்வார்கள். கல்லட்டி ஏற்றத்தில் கார் திணறுவதைப் பார்த்தவனுக்கு அவற்றின் பாடு புரியும்.

தோற்ற ராஜாவின் வீட்டைப் பிரித்து ஜெயித்தவர்கள் காட்டிய பெருமை என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் மரக்காரனின் அக்காவான எனக்கு வேறு தோன்றுகிறது. இங்குள்ள சோலை மரங்கள் குட்டையும் கோணலுமானவை. நீள உத்தரம் தேறாது. அடிவாரக் காட்டில் தேக்கு உண்டே என்பாய். பச்சை மரத்தை வெட்டினால் காயும் வரை யார் காத்திருப்பது? 1829 ஏப்ரல் 23-ல் அடிக்கல், 1830 நவம்பர் 5-ல் கல்கத்தா பிஷப் வந்து பிரதிஷ்டை. அந்த அவசரத்துக்குக் காய்ந்து முற்றிய மரம்தான் தோது. கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். கட்டச் சொன்ன சென்னை கவர்னர் லஷிங்டனின் முதல் பெயரும் ஸ்டீபன். தற்செயல் என்று நான் நம்பவில்லை!

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1701-ல் கட்டிய சீயோன் கோயிலோடு பார்த்தால் இது இளசுதான். வருகிறவர்கள் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் கடைசி இராப்போசனப் படத்தையும் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். பின்னால் கல்லறைத் தோட்டத்துக்குச் சிலரே ஏறுகிறார்கள். ஊட்டியை உண்டாக்கிய கலெக்டர் சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டாவும் மகளும் அங்கேதான் கிடக்கிறார்கள், 1838-ல் இறந்தவர்கள். சல்லிவனின் கல்லறை இங்கிலாந்தில்.

ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும்; வார நாளில் வா. நல்ல டார்ச் ஒன்று எடுத்துக்கொள், மேலே இருட்டு. அந்த மரம் என்ன ஜாதி, இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்வெட்டரை மறக்காதே. உனக்கு வர்க்கி வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா