கடைசிப் பந்திக்கும் சூடாக

மார்கழி 27

காணும் பொங்கல் இரவு பள்ளித் தோழிகளுக்குக் குடும்பத்தோடு நம் வீட்டில் சாப்பாடு. யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று இன்றே போனில் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒருத்தியின் வீட்டுக்காரர் பழநி நடைபயணத்துக்கு மாலை போட்டிருக்கிறார். மதுக்கூர்த் தோழி ஹலால்தான் சாப்பிடுவாள், அதனால் கோழி பாய் கடையில்தான். இன்னொருவருக்குச் சர்க்கரை. இதையெல்லாம் இலை போட்ட பிறகு கேட்டால் வந்தவர்கள் கூசிப்போய், "ரசம் போதும்" என்று எழுந்துவிடுவார்கள்.

போகி

புது நெல் அரைத்து வந்திருக்கிறது. விருந்துக்கும் அதையே வடிக்கலாமா என்றேன். "புத்தரிசி பொங்கலுக்குத்தாம்மா. பந்திக்கு வடிச்சா கொழஞ்சிரும், ரசம் ஊத்துனா கூழாப் போவும். பழசையே எடு" என்றார் அத்தை. அவர் சொன்னதுதான் சரி. புது அரிசியில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் ஒட்டிக்கொள்ளும், பெரிய தவலையில் பதம் பிடிப்பது கஷ்டம். கிலோவுக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வைத்து, அதற்கு மேல் ஒரு கிலோ சேர்த்திருக்கிறேன். நம் பக்கத்து விருந்தில் தொடுகறி ஒன்று குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், சோறு குறையக் கூடாது.

தை 2

மாட்டுக்குப் பொங்கல் வைத்த கையோடு கடைத்தெருவுக்குப் போய் இலைக்கட்டு வாங்கினேன். முக்தாம்பாள் சத்திரத்தைக் கடக்கும்போதெல்லாம் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தன் பிரியத்துக்குரிய முக்தாம்பாள் பெயரில் கட்டியது. ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் இருந்தது.

சத்திரங்களைப் பற்றி 1801 ஜனவரியில் ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்குச் சரபோஜி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சாதி பார்க்காமல் வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு; சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும்; பச்சைக் குழந்தைகளுக்குப் பால்; நோயாளிக்கு வைத்தியர். நடுநிசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைப்பார்களாம். அந்த மணியைவிடப் பெரிய விருந்தோம்பலை நான் கேள்விப்பட்டதில்லை. பிந்தி வருகிறவர்களையும் எண்ணித்தான் உலை வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளிலோ கடைசிப் பந்தி என்றால் சமைத்த பெண்கள். மிஞ்சுவது அடிக்குழம்பும் ஆறிய சோறும். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நாளைக்கு முதல் இலை போடும் முன்பே, அடுப்படியில் நிற்பவர்களுக்கும் தாமதமாக வருகிறவர்களுக்கும் தூக்குவாளிகளில் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், துண்டுக்கறி உட்பட.

தை 3

மாலை போட்டவருக்குப் பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி போட்ட கூட்டு, சாம்பார், ரசம். கவுச்சி அடுப்பேறும் முன்பே தனிப் பாத்திரத்தில் முடித்துக் கரண்டியோடு மூடி வைத்தாயிற்று. கோழிக்குழம்பு மதியமே ஆயிற்று. இரவுக்கு விட்டது சோறும் அப்பளமும் மட்டும். வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரி அடுப்பு முன்னால் வேர்த்துக்கொண்டு நின்றால் அவர்களுக்கும் சாப்பாடு இறங்காது.

மொட்டைமாடியில் பந்தி போடலாம் என்றார் இவர். தைப்பனியில் இலை நனைந்து சோறு சில்லிட்டுப் போகும் என்று கூடத்திலேயே பாய் விரித்தோம். பிள்ளைகளை ஏழரைக்கே உட்கார வைத்தோம். பரிமாறும்போது தள்ளி நின்று "வேணுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் கூச்சத்தில் வேண்டாம் என்பார்கள். கரண்டியோடு இலையருகே குனிந்தால், வேண்டாதவர் கையால் மறைப்பார், வேண்டியவர் பேசாமல் இருப்பார்.

இரண்டாம் பந்தியில் ஆண்கள் பரிமாற, சமைத்த நாங்கள் தோழிகளோடு உட்கார்ந்தோம். அத்தைக்கு முதலில் சங்கடம்தான். மதுக்கூர்க்காரி கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

திருப்பூர்க்காரி குடும்பம் வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். பஸ்ஸில் கூட்டமாம். "சாப்டுட்டு வந்துட்டோம்" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். நான் அதற்குள் தூக்குவாளியை அடுப்பில் ஏற்றியிருந்தேன். அவள் பையன் மூன்றாவது தடவையாகச் சோறு வாங்கினான்.