உப்புத் தண்ணி வீடு

கோயம்புத்தூரில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணியோ பில்லூரோ. அது நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர். அது உப்புத் தண்ணி. சிறுவாணியின் ருசியைப் பற்றி ஊரே பெருமையாகப் பேசும். அதன் மென்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. துளி சோப்புக்கு நுரை பொங்குவதும், குழாயில் வெள்ளை படியாமல் இருப்பதும் அந்த மென்மையால்தான். புதுவீடு கட்டுகிறவர்கள் கீசரையும் ஷவரையும் வாஷிங் மெஷினையும் கடை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அவை அத்தனையும் காலம் தள்ளப்போவது உப்புத் தண்ணியோடு.

ஆகவே பொருள் வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும் என்பேன். பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் இதற்குப் போதாது. கரைந்திருப்பது எல்லாமாகச் சேர்ந்து எவ்வளவு என்று அது ஒரு கணக்குச் சொல்லும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் தனித்தனியாகப் பிரித்துத் தருவார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் போர் அந்த 600ஐயும் தாண்டியது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் கேட்கும் கேள்விகளே மாறிவிடுகின்றன.

கடினத் தண்ணீர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டுமானால் கீசரைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். மெயினை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அடிமூடியின் போல்ட்டுகளைக் கழற்றி மெக்கானிக் ஹீட்டரை மெல்ல வெளியே இழுத்தார். விரல் தடிமனுள்ள காயில் கரும்புத் தடிமனுக்கு ஊதியிருந்தது. தட்டியதும் மஞ்சளும் வெள்ளையுமாகச் செதில் செதிலாகப் பக்கெட்டில் உதிர்ந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறினால் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. அந்தச் சுண்ணாம்புதான் இது. சூடு கூடக் கூடப் படிவதும் கூடும். அதனால் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் திருகுவது தேவையில்லாத வேலை. படிவம் தடித்தால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. கரண்ட் பில் ஏறும், காயில் தன் சூட்டிலேயே வெந்து போகும்.

அதே மூடியிலிருந்து இன்னொரு கம்பி வந்தது. கட்டை விரல் பருமனில் உள்ளே போன மெக்னீசியக் கம்பி, நடுவிலிருக்கும் இரும்பு நரம்பு வெளியே தெரியும் அளவுக்குக் கரைந்திருந்தது. டேங்கின் இரும்பை அரிக்க வரும் தண்ணீருக்குத் தன்னைக் கொடுத்து டேங்கைக் காப்பாற்றுவதுதான் அந்தக் கம்பியின் வேலை. அது முழுக்கத் தீர்ந்த பிறகு தண்ணீர் டேங்கைத் தின்னத் தொடங்கும். டேங்க் ஓட்டையானால் கீசரையே மாற்ற வேண்டியதுதான். ஒரு சிறு கம்பி மாற்றுகிற செலவில் முடிய வேண்டியதைப் புதுக் கீசர் வரைக்கும் கொண்டுபோவது, அப்படி ஒரு கம்பி இருப்பதையே வாங்குகிறவருக்கு யாரும் சொல்லாததால்தான். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கீசரின் சேஃப்டி வால்வில் தண்ணீர் சூடாகும்போது சொட்டுச் சொட்டாக விழுந்தால் பயப்பட வேண்டாம். விரிகிற தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து அது.

நான் சொல்ல வருவது இதுதான்: உப்புத் தண்ணி வீட்டில் எதுவும் அடைபடாமல் இருக்காது. எனவே திறக்க முடிந்த பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த விஷயத்தில் பாத்ரூம்தான் பெரும்பாடு. இப்போது குழாய்க்கும் ஷவருக்கும் தண்ணீரைத் திருப்பிவிடும் டைவர்ட்டரைச் சுவருக்குள் புதைத்து, வெளியே ஒரு பளபளத் தட்டும் கைப்பிடியும் மட்டும் தெரியும்படி வைக்கிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஒரு உறவினர் வீட்டில் அது மக்கர் செய்தபோது வந்த பிளம்பர் தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இந்த மாடலுக்கு உள்பார்ட்டு இப்ப வர்றதில்லீங்க. பாடியோட மாத்தோணும்னா செவுத்த ஒடச்சாத்தானுங்க முடியும்." டைல்ஸும் அதே டிசைனில் கிடைக்காது என்பது அவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. உள்ளே புதைப்பதாக இருந்தால், முன்பக்கத்திலிருந்தே உள்பார்ட்டான கார்ட்ரிட்ஜை உருவி எடுக்க முடியுமா, அது தனியாக விற்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் சுவருக்கு வெளியே நிற்கும் மிக்சரே போதும்.

பழைய பித்தளைக் குழாயைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் திறக்க முடிவதன் அருமை தெரியும். ஸ்பிண்டில், அதன் நுனியில் ஜம்பர், அடியில் ஒரு ரப்பர் வாஷர், அவ்வளவே. சொட்டுகிற குழாயின் வாஷரைப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சொட்டு நிற்கவில்லையே என்று இறுக்கி இறுக்கித் திருகியதால் விழுந்த பள்ளம் அது. ஐந்து நிமிஷத்தில் வாஷரை மாற்றிவிடலாம். கால் திருப்பில் மூடும் புதுக் குழாய்களில் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. நல்ல ஏற்பாடு, மணல் மட்டும் ஆகாது. கட்டி முடித்த புதுவீட்டில் குழாய் மாட்டும் முன் லைனைத் திறந்துவிட்டுச் சிமெண்டும் மணலும் போகத் தண்ணீரை ஓடவிடச் சொல்லுங்கள். குழாய் வாயிலிருக்கும் சல்லடையை அவ்வப்போது கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப் போட்டால் படிவம் கரைந்துவிடும்.

இதற்கெல்லாம் பாத்ரூம் ஆசிட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். வெள்ளைக் கறை நிமிஷத்தில் போகும், கூடவே குரோம் பூச்சும் டைல்ஸ் இடுக்கிலிருக்கும் சிமெண்டும் போகும். பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவுகிற பெண்கள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும்.

சாஃப்ட்னர் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். படிவது குறையும், டிடிஎஸ் குறையாது. அதைக் கழுவிவிடும் உப்புநீரைத் தென்னைக்குத் திருப்பிவிடக் கூடாது.

திறக்க முடிந்த பொருளுக்கு எங்கள் ஊரே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1955இல் கோவை பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். கல், டிரம், பெல்ட், மோட்டார், கெபாசிடர் எல்லாம் தனித்தனி. மோட்டார் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிடர்தான். கல் வழவழத்தால் கொத்திக் கொடுக்க ஆள் உண்டு. அம்மா காலத்துக் கிரைண்டர் மகள் வீட்டில் ஓடுவது இங்கே அதிசயமில்லை.

பாத்ரூம் சாமான் வாங்கும்போது இப்போதெல்லாம் கடைக்காரரைக் கைப்பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன். முகம் சுளிக்காமல் காட்டுகிற கடையில்தான் வாங்குவது. சிங்கிள் லீவர் மிக்சருக்கு 35, 40 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுக் கார்ட்ரிட்ஜ்கள் பரவலாக உண்டு. வாங்கியது எது என்று பில்லின் பின்னாலேயே எழுதி, உபரியாக ஒன்றையும் வாங்கி வைத்துவிடுவேன். கழிவறை ஆங்கிள் வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறப்பதும் பழக்கம். திருகாமலே விட்ட வால்வு, ஃப்ளஷ் டேங்க் பொத்துக்கொண்ட அன்றைக்கு அசைந்து கொடுக்காது.